கணக்கில் வராத எட்டு ஆண்டுகள்

ஏற்காட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஏரியில் தொடங்கிக் காப்பித் தோட்டத்தில் முடிப்பர். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறி வருவோர் காணவேண்டிய இடங்களின் பட்டியலில் பகோடா முனை உண்டு. சேர்வராயன் கோயில் உண்டு. கோடை விழாவின் மலர்க்காட்சி உண்டு. தூய திரித்துவ ஆலயம் அந்தப் பட்டியலின் கடைசியில் வரும். பல நேரங்களில் வருவதேயில்லை. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அவர் இறந்தது கல்கத்தாவில். எனினும் அவரது எச்சம் சேர்வராயன் மலைக்கே திரும்பி வந்தது.

அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னதாக, 1882இல், இதே ஏற்காட்டில் மற்றொரு முதியவர் காலமானார். அவர் பீட்டர் பேர்சிவல், ஃபூட்டின் மாமனார். யாழ்ப்பாணத்துத் தமிழ் வரலாற்றைப் படித்தவர்க்கு இப்பெயர் அந்நியமன்று. ஆறுமுக நாவலர் மாணவராகப் பயின்ற பள்ளியை நடத்தியவர்; பின்னர் அந்த மாணவரையே துணையாகக் கொண்டு ஏறத்தாழ எட்டாண்டுகள் விவிலியத்தைத் தமிழாக்கியவர்.

மாமனார் மொழியைத் தேடினார். மருமகன் கல்லைத் தேடினார். இருவரும் எழுதியவை நூலகங்களில் இருக்கின்றன. நாம் இங்கே பேச விரும்புவது அந்நூல்களைப் பற்றியன்று. அந்நூல்கள் உருவாக அவர்கள் பிற மனிதரோடு செலவிட்ட காலத்தைப் பற்றி. ஒரு மனிதர் மற்றொருவருக்குக் கொடுக்கும் நேரம் என்னவாகிறது? அது பலன் தருகிறதா? தருமெனில் யாருக்கு, எப்போது? இக்கேள்விக்கு அறநூல்கள் விடை சொல்லும். வரலாறு சொல்லும் விடை அவ்வளவு நேரானதன்று. ஆயினும் கேட்கத் தக்கது.

மலையும் மனிதரும்

முதலில் மலையைச் சற்றுப் பார்ப்போம். ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு என்ற பெயர் வந்தது. ஆங்கிலேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மலையில் வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பெயர் ஒத்திருப்பினும் கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை; இவர்கள் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று உடன்பிறந்தாருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவிலவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது இவர்களது மரபுக்கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்றே அம்மூவரும் அழைக்கப்படுகின்றனர்.

இக்கதையை வரலாற்றுச் சான்றாக நாம் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். தனித்தனியே நிற்கும் மூன்று மலைத்தொடர்களை ஒரு சமூகம் அண்ணன் தம்பி உறவாகவே நினைவில் வைத்திருக்கிறது. நிலத்தின் தொலைவை உறவின் முறைப்பெயரால் அளக்கும் மனம் அது.

இம்மலைக்கு ஐரோப்பியர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1820 முதல் 1829 வரை சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து பயிரிட்டார். பின்னர்த் தோட்டக்காரர் வந்தனர், சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சிய அலுவலர் வந்தனர், பாதிரிமார் வந்தனர், பணி ஓய்வு பெற்றோர் வந்தனர். ஊர் திரும்பினால் தம்மை அறிந்தவர் எவருமிலர் என்ற நிலையில், வாழ்நாளெல்லாம் உழைத்த நாட்டிலேயே இறுதிக் காலத்தைக் கழிக்க விரும்பிய சிலருக்கு இம்மலை இடம் தந்தது. பேர்சிவலின் வாழ்வு முடிந்ததும், ஃபூட் தம் முதுமையில் வீடமைத்துக் கொண்டதும் இங்கேதான்.

இனி ஏற்காட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டும். பேர்சிவலின் கதை தொடங்குவது அங்கே.

ஒரே மேசையில் இருவர்

பேர்சிவல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவராக 1826இல் யாழ்ப்பாணம் வந்தார். இடையில் சில காலம் வங்காளத்தில் பணியாற்றிவிட்டு மீண்டும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். அங்கே பள்ளிகளை அமைத்தார், இருந்தவற்றை உயர்த்தினார். அவர் நடத்திய வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கு நல்லூரிலிருந்து ஒரு மாணவர் வந்தார். 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிறந்த ஆறுமுகம் என்னும் அம்மாணவர், இருபது வயது நிறைவதற்குள் அதே பள்ளியில் ஆசிரியரானார். மேல்வகுப்புகளுக்குத் தமிழும் கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் அவர் கற்பித்ததாக நாவலர் சரித்திரங்கள் கூறுகின்றன.

அக்காலத்தில்தான் பேர்சிவல் விவிலிய மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். துணைக்கு அவர் தேர்ந்தது திருநீறு அணிந்த இந்தச் சைவ இளைஞரை. கிறித்தவராக மாறிய தமிழறிஞர் யாழ்ப்பாணத்தில் இல்லாமலில்லை. எனினும் பேர்சிவல் நல்ல தமிழை நாடினார். அது எங்கே இருந்ததோ அங்கே சென்றார். சமயம் மாறவேண்டும் என்பதை அவர் நிபந்தனையாக வைக்கவில்லை. ஆறுமுகமும் தம் சமய ஒழுக்கத்தை விடவில்லை.

மொழிபெயர்ப்பில் இருவர் சேர்ந்து ஈடுபடுவது என்றால் என்ன என்பதை அதைச் செய்து பார்த்தவர் அறிவர். ஒருவர் மூலத்தின் பொருளைச் சொல்ல வேண்டும். மற்றவர் அதற்கு ஒரு சொல்லை முன்வைக்க வேண்டும். அச்சொல் போதாது என்று முன்னவர் தயங்குவார். அது மட்டுமே தமிழ் என்று பின்னவர் வாதிடுவார். ஒரு வினைமுற்றுக்காக ஒரு முற்பகல் கழியும். இப்படி ஒரு நாளன்று, ஒரு மாதமன்று, ஏறத்தாழ எட்டாண்டுகள். ஒருவர் வயதில் மூத்தவர், ஆள்வோரின் இனத்தவர், ஊதியம் கொடுப்பவர். மற்றவர் இளையவர், ஆளப்படுபவர், ஊதியம் பெறுபவர். ஆனால் ஒரு சொல் தமிழா தமிழன்றா என்ற கேள்வி எழும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடும். அங்கே ஊதியம் கொடுப்பவர் மாணவர், பெறுபவர் ஆசிரியர்.

நீண்ட காலம் சேர்ந்து செய்யும் வேலைக்கு இப்படியொரு தன்மை உண்டு. தொடக்கத்தில் இருந்த உயர்வு தாழ்வு அப்படியே நீடிக்க அது விடுவதில்லை. ஒரு முறை சந்திப்பவர்களுக்கு இடையே பதவி இருக்கும். எட்டாண்டுகள் சந்திப்பவர்களுக்கு இடையே பழக்கம் இருக்கும். மற்றவருடைய கோபம் எவ்வளவு நேரம் நீடிக்கும், எந்த இடத்தில் அவர் விட்டுக்கொடுப்பார், எந்த இடத்தில் கொடுக்கவே மாட்டார் என்பவற்றை இருவரும் அறிந்திருப்பர். இந்த அறிவை வேறெவ்வழியிலும் பெற முடியாது. நாள்களைச் செலவிட்டே பெறவேண்டும்.

பிரிவும் நூலின் கதியும்

இக்கதை இனிய முடிவை நோக்கிச் செல்லவில்லை என்பதை உடனே சொல்லிவிட வேண்டும்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். மேடைப் பேச்சு என்பது பாதிரிமாரின் கருவி என்றிருந்த காலத்தில் அக்கருவியைச் சைவத்தின் பக்கம் திருப்பிய நாள் அது. அடுத்த ஆண்டு மிஷன் பள்ளிப் பணியை விட்டார். ஊதியத்தை உயர்த்தித் தருவதாகப் பேர்சிவல் சொல்லியும் அவர் இசையவில்லை என்று சரித்திரங்கள் கூறும். 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கியது.

மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. எட்டாண்டு உழைப்பின் பயன் அது. ஆனால் அதனைத் தென்னிந்திய மிஷன்கள் ஏற்கவில்லை. ஃபப்ரீசியஸ் காலத்திலிருந்து செவிக்குப் பழகிய வாசகங்களிலிருந்து அது மிகவும் விலகியிருப்பதாகப் பலர் கருதினர். ‘சோதனை முயற்சி’ என்று பொருள்படும் பெயரே அப்பதிப்புக்கு நிலைத்துப் போயிற்று. பின்னர்ப் பவர் தலைமையில் வேறொரு குழு அமைந்து புதிய மொழிபெயர்ப்பை உருவாக்கியது. 1871இல் வந்த அந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே ஆலயங்களில் இடம்பெற்றது. பேர்சிவலின் பதிப்பை இன்று ஆய்வாளரன்றி வேறெவரும் தேடுவதில்லை.

அதோடு நிற்கவில்லை. 1854இல் நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டார். சைவத்தைப் பழித்த மிஷனரிகளுக்கு மறுப்பாக எழுந்த அந்நூலில் அவர் பயன்படுத்தியது விவிலியத்தையே. சைவ வழிபாட்டில் எவற்றையெல்லாம் பாதிரிமார் இகழ்ந்தனரோ அவற்றுக்கு ஒப்பானவற்றை அவர்கள் வேதத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். விவிலியத்தை வரிவரியாகத் தமிழாக்கிய அனுபவம் இல்லாத ஒருவர் அந்நூலை அப்படி எழுதியிருக்க முடியாது. மிஷனின் செலவில் நடந்த எட்டாண்டுப் பயிற்சி மிஷனுக்கு எதிரான வாதமாக வந்து நின்றது.

ஒரு கணக்கர் இவ்வெட்டாண்டுகளைத் தணிக்கை செய்தால் என்ன எழுதுவார்? மொழிபெயர்ப்பு ஏற்கப்படவில்லை. உதவியாளர் மதம் மாறவில்லை. மாறாக, எதிரணிக்குத் தலைவரானார். முதலீடு முற்றிலும் நட்டம். அன்றைய மிஷன் வட்டாரத்தில் இப்படி நினைத்தவர் இருந்திருக்கக்கூடும். அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. அவர்கள் தேடிய பலன் கிடைக்கவில்லை என்பது உண்மையே.

மிச்சமாக நின்றது

ஆனால் அந்த மேசையைச் சுற்றி நடந்தவற்றை வேறொரு பக்கத்திலிருந்தும் காணலாம்.

நாவலருக்குப் பின்வந்த தமிழ் உரைநடை அவருக்கு முன்னிருந்ததைப் போல இல்லை. பாலபாடங்களிலும், 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்திலும் காணும் தெளிவு, வாக்கியத்தை அளந்து நிறுத்தும் பழக்கம், நிறுத்தக்குறிகளைப் பயன்படுத்தும் முறை, பொருளை எண்ணிட்டுப் பிரிக்கும் ஒழுங்கு, வினாவிடை வடிவில் சமயம் கற்பிக்கும் உத்தி ஆகியவை இலக்கணப் புலமையிலிருந்து மட்டும் வந்தவையல்ல. மரபான கல்வியில் அவருக்கு இணையான புலவர் அன்று பலர் இருந்தனர். அவர்களிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. செய்யுளின் துணையின்றி, நீண்டதொரு கதையையும் வாதத்தையும் சட்டத்தையும் கடிதத்தையும் நல்ல தமிழ் உரைநடையில் சொல்லிப் பார்த்த எட்டாண்டுப் பழக்கம் அது. விவிலியத்தில் இவை அனைத்தும் உண்டு. பேர்சிவல் தேடிய நூல் தோற்றது. அந்நூலைச் செய்த கை தமிழுக்குக் கிடைத்தது.

பேர்சிவலும் அப்படியே இருந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்றவர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். கேன்டர்பரியில் ஆற்றிய சொற்பொழிவுகளை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய ‘வேதத்தின் நாடு’ என்னும் ஆங்கில நூல் 1854இல் வெளிவந்தது. நாவலரின் மறுப்பு நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். முன்னாள் ஆசிரியரும் மாணவரும் ஒரே ஆண்டில் இரு கரைகளிலிருந்து எழுதினர். பின்னர் மிஷன் தொடர்பை விட்டுவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார் பேர்சிவல். அகராதிகள் தொகுத்தார். 1855 முதல் ‘தினவர்த்தமானி’ என்னும் இதழை நடத்தினார்.

அவ்விதழின் பணிக்கு அவர் அழைத்ததும் ஒரு யாழ்ப்பாணத்தவரையே. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை அவர். அவ்வழைப்பே தாமோதரம் பிள்ளையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அதன்பின் ஏடு தேடிப் பதிப்பித்த அவரது வரலாறு நாம் அறிந்ததே. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை அவர் வெளியிட்டபோது அதனைப் பரிசோதித்துத் தந்தவர் ஆறுமுக நாவலர். தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல் வந்தது; கலித்தொகை 1887இல் வந்தது. சங்க நூல்களை அச்சில் காண முடிந்த நமக்கு, அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி ஒரு பாதிரியார் எழுதிய அழைப்பு என்பது நினைவில் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்து, அவ்வூர்ப் பிள்ளைகளின் திறத்தை அறிந்தவரே அப்படி ஓர் அழைப்பை அனுப்ப முடியும்.

பேர்சிவலின் மற்றொரு பணியையும் இங்கே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே அவர் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். சிறு தொகுப்பாக அங்கே அச்சான அது வளர்ந்து, 1874இல் மூன்றாம் பதிப்பாகச் சென்னையில் வெளிவந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டிருந்தது. பழமொழி ஏட்டில் தேடிக் கிடைப்பதன்று. அது பேச்சின் நடுவே, யாரும் எதிர்பாராத நேரத்தில், சண்டையிலோ சிரிப்பிலோ வந்து விழுவது. கேட்பவர் அங்கே இருந்தாக வேண்டும். ‘எனக்கொரு பழமொழி சொல்லுங்கள்’ என்று கேட்டால் எவருக்கும் ஒன்றும் நினைவுக்கு வராது. அத்தொகுப்பின் ஒவ்வொரு பக்கமும், ஒரு மனிதர் மற்றவர்களோடு வெறுமனே இருந்த நேரத்தின் பதிவு.

கல்லைத் தேடியவர்

இப்போது மருமகனிடம் வருவோம். ஃபூட் 1834இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858 டிசம்பரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பேர்சிவலின் மகளை மணந்தார். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அவர் கண்டெடுத்த கல் ஒன்று, மனிதக் கையால் செதுக்கப்பட்ட கருவி என்று அடையாளம் காணப்பட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு அதுவே முதற்சான்று என்பர். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைக்கு மேற்கே கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்.

அத்திரம்பாக்கத்துக்கு அவர் தனியே செல்லவில்லை. உடன் சென்றவர் அதே துறையில் பணியாற்றிய வில்லியம் கிங். 1866இல் ஃபூட் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் பின்னிணைப்பாகக் கிங் எழுதிய பகுதி, கிங்கின் பெயரிலேயே சேர்க்கப்பட்டது. கண்டுபிடிப்பின் புகழுக்குப் போட்டி நிலவும் துறை அது. நண்பரின் பங்கை நண்பரின் பெயரிலேயே நிறுத்தியது சிறு செயல்போலத் தோன்றும். ஆய்வுலகை அறிந்தவர்க்கு அது சிறிதன்று.

1883ஐ ஒட்டி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியலறிஞர் ஹக்ஸ்லி, கர்நூல் பகுதிக் குகைகளை ஆராய வேண்டுமென்று சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபைத் தூண்டினார். இன்றைய ஆந்திரத்தில் உள்ள பில்ல சுர்கம் குகைகளில் ஃபூட் ஆய்வைத் தொடங்கினார். அகழ்வைத் தொடர்ந்து நடத்தியவர் அவருடைய மகன் ஹென்றி புரூஸ் ஃபூட். இராணுவத்தில் பீரங்கிப் படையைச் சேர்ந்த இளம் அலுவலர். தந்தை வழிகாட்ட, மகன் குகையிருளில் மண்ணை அடுக்கடுக்காக வெட்டியெடுத்தார். அவ்வாய்வைப் பற்றி 1885இல் நிலவியல் துறையின் வெளியீட்டில் தந்தை எழுதிய கட்டுரைகளுள் ஒன்றின் தலைப்பு, தமிழில் சொல்வதாயின், ‘பில்ல சுர்கம் குகைகளில் திரு. எச். பி. ஃபூட்டின் பணி’ என்பதாகும். எழுதியவர் தந்தை, பணி மகனுடையது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. அரசுத் துறையின் வறண்ட அறிக்கைக்குள் ஒரு தகப்பனின் பெருமிதத்தை இதைவிட அடக்கமாக வைக்க முடியாது.

வேலையைக் காரணம் காட்டி வீட்டாரிடமிருந்து விலகுவது எல்லாக் காலத்திலும் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்தில் கழிக்கும் நிலவியலாளருக்கு அக்காரணம் எளிதாகவே கிடைத்திருக்கும். ஃபூட் கண்ட வழி வேறு. மகனை வேலைக்குள் அழைத்துக்கொண்டார். மக்களோடு செலவிடும் நேரம் என்றாலே வேலையை விட்டு ஒதுங்கும் நேரம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சேர்ந்து ஒன்றைச் செய்யும் நேரமும் அதில் சேரும் என்பதற்குப் பில்ல சுர்கம் சான்று.

1891இல் அரசுப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக ஃபூட் உழைத்தார். ஏற்காட்டில் ‘ஐவி காட்டேஜ்’ என்னும் இல்லத்தில் வாழ்ந்தார். தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொல்பொருள்களை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு அளித்தார்; அரசு அவற்றை விலைகொடுத்துப் பெற்றது. அவற்றின் விரிவான பட்டியலும் குறிப்புகளும் அவர் மறைவுக்குப் பின் 1914இலும் 1916இலும் அச்சாயின. சேர்வராயன் மலையில் கிடைத்த, வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்கோடரிகளும் அவருடைய ஆய்வில் இடம்பெற்றவை. இத்தகைய கோடரிகளை மலையூர் மக்கள் எடுத்துச் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டனர். எவரோ எப்போதோ செய்த கருவியைத் தெய்வத்தின் அருகில் வைத்துக் காத்தவர்களிடம் பேசியே அவற்றின் கதையை அறிய முடியும். அங்கும் நேரம் வேண்டியிருந்தது.

அத்திரம்பாக்கத்தில் பின்னாளில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய அகழாய்வு, அங்குள்ள கற்கருவிகளின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் உலகுக்கு அறிவித்தது. அதே சாந்தி பப்பு 2008இல் ஃபூட்டின் தனிவாழ்வைப் பற்றியும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இலட்சக்கணக்கான ஆண்டுகளை அளக்கும் ஓர் அறிஞர், தம் முன்னோடியின் உறவினர் யார், உடன் வாழ்ந்தவர் யார் என்று தேடியது நமக்கு வியப்பாக இல்லை. கருவியைச் செய்தவர் எவரென்று கேட்பதே தொல்லியல் எனின், கருவியைக் கண்டவர் எவரென்று கேட்பதும் அதன் தொடர்ச்சியே.

பழைமை என்னும் சொல்

நம் மரபு நட்பைப் பற்றிப் பேசும்போது உடனே நினைவுக்கு வருவோர் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டு, வடக்கிருந்த சோழனுக்காகப் பாண்டிநாட்டிலிருந்து புலவர் வந்து சேர்ந்த வரலாற்றைப் புறநானூறு வழி அறிவோம். உணர்ச்சி ஒத்தால் போதும், பழகவேண்டியதில்லை என்பதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டும் அதுவே. அப்படியாயின் நேரம் செலவிடுவது எதற்கு என்று ஒருவர் கேட்கலாம்.

கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் வள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. நட்பு, நட்பாராய்தல் ஆகியவற்றை அடுத்துப் ‘பழைமை’ என்று ஒரு தனி அதிகாரம் வைத்தார். நெடுநாள் பழகியவர் உரிமையோடு செய்யும் பிழையையும் பொறுத்தல் அதன் பொருள். காணாமலே தோன்றும் நட்பு அரிது. அது ஒரு வரம். பழைமை அப்படியன்று. அது ஒவ்வொரு நாளாகச் சேர்வது. வரத்தை நாம் உண்டாக்க முடியாது, பழைமையை உண்டாக்கலாம். அதற்கு நேரம் ஒன்றே விலை.

பேர்சிவலுக்கும் நாவலருக்கும் இடையே இருந்தது உணர்ச்சி ஒத்த நட்பு அன்று. இருவர் தெய்வமும் வேறு. இருவர் நோக்கமும் எதிரெதிர். அவர்களுக்கு இடையே இருந்தது பழைமை. கருத்தில் ஒன்றுபடாதவரோடும் நீண்ட காலம் உடனிருக்கலாம். அதில் இருவருமே தம்மை இழக்கவேண்டியதில்லை. அதன் விளைவு இருவர் எண்ணியதற்கும் அப்பால் செல்லும் என்பதை அவ்வெட்டாண்டுகள் காட்டுகின்றன. ஒத்த கருத்துடையவர்களை மட்டுமே நாடிச் சென்று, மாறுபட்டால் மறுகணமே விலகும் பழக்கம் மிகுந்துவரும் நம் காலத்துக்கு இது சிறிது உறைக்க வேண்டிய செய்தி.

கல்லூரியில் பணிபுரிவோராகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. இன்று ஓர் ஆசிரியரின் ஆண்டு முழுவதும் படிவங்களில் அடங்கிவிடுகிறது. நடத்திய வகுப்புகள் எத்தனை, வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, கலந்துகொண்ட கருத்தரங்குகள் எத்தனை என்று கட்டங்கள் இருக்கின்றன. வகுப்பு முடிந்தபின் மரத்தடியில் ஒரு மாணவரோடு ஒரு சொல்லைப் பற்றிப் பேசிக் கழித்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைச் செய்யாமலே விட்டுவிடுவது மனித இயல்பு. அந்த இயல்புக்கு நாமும் விலக்கல்லர். அந்த மாணவர் நாளை நம் கொள்கைக்கு எதிராகவே எழுதலாம். நம்மை மறந்தும் போகலாம். அப்போது அந்த ஒன்றரை மணி நேரம் வீணாயிற்று என்று சொல்வோமா? பேர்சிவலின் வாழ்வைப் படித்தபின் அப்படிச் சொல்ல நா எழவில்லை.

‘முதலீடு’ என்னும் சொல்லை உறவுகளோடு சேர்த்துப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அச்சொல்லில் ஒரு பொருத்தமும் உண்டு. ஒரு பிழையும் உண்டு. இன்று கொடுப்பது பின்னாளில் பலனாகும் என்பது பொருத்தம். கொடுத்தவருக்கே அப்பலன் திரும்பும் என்று எதிர்பார்ப்பது பிழை. பேர்சிவல் கொடுத்த எட்டாண்டுகளின் பலன் அவருக்கு வரவில்லை. அவரது மிஷனுக்கும் வரவில்லை. அது தமிழ் உரைநடைக்குப் போயிற்று. ஏடுகளிலிருந்து அச்சேறிய இலக்கியங்களுக்குப் போயிற்று. அவற்றைப் படித்த நமக்கு வந்தது. அவரை அறியாமலே நாம் அதை நுகர்ந்துகொண்டிருக்கிறோம்.

நாவலர் 1879இல் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்துப் பேர்சிவல் ஏற்காட்டில் கண்மூடினார். யாழ்ப்பாணத்து மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்து சென்றனர். அடுத்த முறை சேர்வராயன் மலைக்குச் செல்வோர் ஏரியைச் சுற்றி வந்தபின் ஒரு நாழிகை ஒதுக்கி அந்தப் பழைய ஆலயத்துக்கும் சென்று வரலாம். அங்கே காண்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. உடன் யாரையேனும் அழைத்துச் செல்லுங்கள். பேசிக்கொண்டே நடப்பதற்கு நல்ல பாதை அது.